பால் பவுடர் ஆலையில் கிருமி: அறிகுறியைப் பிடித்து மூலத்துக்குப் போகும் வழி

லேபிலிருந்து "பாசிட்டிவ்" என்று ஒரு வரி வந்ததும் ஆலையில் முதலில் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். யாராவது ஒருவர் ஹோஸ் பைப்பைத் தூக்கிக்கொண்டு பாலை உலர்த்திப் பவுடராக்கும் டிரையர் இருக்கும் அறைக்கு ஓடுவார். தரையைக் கழுவித் தள்ளிவிட்டால் ஏதோ செய்துவிட்ட நிம்மதி. பவுடர் ஆலையில் இதைவிடப் பெரிய கெடுதலை யாரும் செய்ய முடியாது.

பவுடருக்குள் கிருமி பெருகாது. நல்ல பால் பவுடரின் நீர்ச்செயல்பாடு, அதாவது கிருமிக்குப் பயன்படக்கூடிய நீரின் அளவுகோல், 0.2-ஐ ஒட்டி இருக்கும், 0.6-க்குக் கீழே எந்த நுண்ணுயிரும் வளராது. ஆனால் வளராமல் இருப்பதும் சாவதும் ஒன்றல்ல. பச்சிளங்குழந்தைகளுக்கு ஆபத்தான குரோனோபாக்டர் என்ற கிருமி உலர்ந்த பவுடரில் 2 ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். சால்மோனெல்லாவும் லேசில் சாகாது. அவை காத்திருப்பது தண்ணீருக்காக. சிந்திய பவுடர் மேல் சொட்டுத் தண்ணீர் பட்டால் அது பவுடர் இல்லை, வெதுவெதுப்பான அறையில் மூடாமல் வைத்த பால். அதனால் கீழே வரும் எல்லா அறிகுறிக்கும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: தண்ணீர் எங்கிருந்து வந்தது?

எதையும் தொடுவதற்கு முன்

சந்தேகப்பட்ட லாட்டை, அதாவது ஒரே எண்ணில் வரும் உற்பத்தித் தொகுதியை, மட்டும் நிறுத்திவைத்தால் போதாது. கடைசியாக முழுச் சுத்தம் செய்த நேரத்திலிருந்து அடுத்த முழுச் சுத்தம்வரை ஓடிய அத்தனையும் நிறுத்தத்தில் போகவேண்டும். ஒரே பைப், ஒரே சல்லடை, ஒரே ஹாப்பர் வழியாக வந்த பவுடரை ஷிஃப்ட் மாறியது என்பதற்காக வேறு லாட் என்று சொல்லிவிட முடியாது.

அடுத்து, சுத்தம் செய்யாதீர்கள். முதலில் ஸ்வாப் எடுங்கள், அதாவது பஞ்சால் பரப்பைத் தேய்த்து லேபுக்கு மாதிரி எடுங்கள். துடைத்துவிட்டு எடுத்த ஸ்வாப் நெகட்டிவ் வரும்; அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

மூன்றாவது, முந்தைய 2 வார மெயின்டனன்ஸ் புத்தகத்தைப் புரட்டுங்கள். கூரை ஒழுகல், மின்தடை, ஏ.சி. பழுது, தீயணைப்பு சோதனை, வெளி ஆள் வந்து செய்த வெல்டிங், நடுவில் டிரையரைத் திறந்தது. காரணம் பெரும்பாலும் அந்தப் புத்தகத்தில் ஏற்கெனவே எழுதி இருக்கும், வேறு தலைப்பில்.

டிரையர் கொல்லாது

இதைச் சொல்லாமல் மேலே போனால் மற்றது புரியாது. ஸ்ப்ரே டிரையருக்குள் போகும் காற்று 180 முதல் 220 டிகிரி செல்சியஸ். அதில் எந்தக் கிருமி பிழைக்கும் என்று தோன்றும். ஆனால் துளியிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டிருக்கும்வரை துளியின் சூடு 40, 50 டிகிரியைச் சுற்றித்தான் நிற்கும். வியர்த்த உடம்பில் காற்று பட்டால் குளிர்கிறதே, அதே கணக்கு. நீர் தீர்ந்து துகள் சூடேறும்போது கிருமியும் காய்ந்துவிட்டது. காய்ந்த கிருமிக்குச் சூடு தாங்கும் சக்தி பல மடங்கு கூடுதல். அதனால்தான் முடிந்த பவுடரைச் சூடுபடுத்திக் காப்பாற்றலாம் என்ற யோசனையும் எடுபடாது. கிருமி சாவதற்குள் பவுடர் கெட்டுவிடும்.

ஆக, நம்பக்கூடிய சூடு ஈரப் பக்கத்தில் மட்டும்: பாஸ்டரைசரும், பாலைச் சுண்டவைக்கும் எவாப்பரேட்டருக்கு முந்தைய பிரீஹீட்டரும். 72 டிகிரியில் 15 விநாடி என்ற வழக்கமான பாஸ்டரைசேஷனிலேயே சால்மோனெல்லாவும் குரோனோபாக்டரும் செத்துவிடும். பவுடரில் அவை தெரிந்தால் அந்தச் சூட்டுக்குப் பின்னால் ஏதோ ஒரு இடத்தில் ஏறியிருக்கின்றன என்றே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: முடிந்த பவுடரில் எண்டிரோபாக்டீரியேசி என்ற கிருமிக் குடும்பம் தெரிகிறது, சால்மோனெல்லா இல்லை

இதுதான் அடிக்கடி வருவது. நல்லபடியாக எடுத்துக்கொண்டால் முன்கூட்டியே வரும் எச்சரிக்கையும் இதுதான். இந்தக் குடும்பத்தில்தான் சால்மோனெல்லாவும் குரோனோபாக்டரும் சேர்த்தி. சாதுவான உறவினர் நுழைந்த கதவு வழியாக மற்றவரும் நுழையலாம்.

எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன் மூட்டை எண்ணைப் பாருங்கள். வைத்திருக்கும் சாம்பிள்களை நேர வரிசைப்படி அடுக்கி, எது பாசிட்டிவ் என்று ஒரு கோட்டில் குறியுங்கள். அந்தக் கோடு பாதி வேலையை முடித்துவிடும்.

ஓட்டம் தொடங்கிய முதல் சில மூட்டைகளில் மட்டும் இருந்தால், டிரையரைத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகு சரியாகக் காயவைக்கவில்லை. சேம்பர் காய்ந்திருக்கும், அது பெரிய இடம், சூடான காற்று சுற்றும். காயாதது ஃப்ளூயிட் பெட்டின் (பவுடரைக் காற்றில் மிதக்கவிட்டு உலர்த்திக் குளிரவைக்கும் படுகை) துளைத் தகட்டுக்கு அடியில், காற்றிலிருந்து பவுடரைப் பிரிக்கும் சைக்ளோனின் கீழ்முனையில், ரோட்டரி வால்வின் இறக்கை இடுக்கில், மேன்ஹோல் கேஸ்கெட்டின் பின்புறத்தில். மெஷினைத் தொடங்குமுன் இவற்றைக் கையால் தொட்டுப் பாருங்கள். டார்ச் அடித்துப் பார்ப்பது வேறு, வெள்ளைக் காகிதத் துணியால் துடைத்துப் பார்ப்பது வேறு. அப்புறம், கழுவிய பின் வரும் முதல் பவுடரை விற்பனைக்கு விடும் பழக்கமே இருக்கக்கூடாது.

கடைசி மூட்டைகளை நோக்கிக் கூடிக்கொண்டே போனால், டிரையரை விட்டுவிட்டு அதற்குள் பால் போகும் ஃபீட் பக்கம் போங்கள். சுண்டிய பாலான கான்சென்ட்ரேட் நிற்கும் பேலன்ஸ் டேங்க்தான் முதல் சந்தேகம். 45, 50 சதவீதத் திடப்பொருளோடு, கிருமிக்குப் பிடித்த வெதுவெதுப்பில், நுரை கட்டி நிற்கும் இடம் அது. இரண்டு டேங்க் இருந்தால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றி ஓட்டி, ஓய்ந்ததைக் கழுவவேண்டும். ஒரே டேங்கில் நாள் முழுக்க ஓட்டுகிறார்கள் என்றால் மேலே தேடவேண்டாம். டேங்க் சரியாக இருந்தால் ஹை பிரஷர் பம்பின் சீலையும், ஃபீட் லைன் ஃபில்டரின் மூடியையும் கழற்றிப் பாருங்கள்.

எந்த ஒழுங்கும் இல்லாமல் அங்கொன்று இங்கொன்று என்று இருந்தால், அதுதான் தலைவலி. எங்கோ ஒரு கட்டி வளர்ந்து, அவ்வப்போது ஒரு துண்டு உதிர்ந்து விழுகிறது என்று அர்த்தம்.

எனக்கு மறக்காத ஒன்று. ஒரு ஆலையில் 3 மாதத்துக்கு மேலாக இப்படித்தான்: பத்து நல்ல லாட், ஒரு கெட்ட லாட். தரையைத் தேடினோம், காற்று ஃபில்டரை மாற்றினோம், பேக்கிங் ஆட்களின் கையுறையைக்கூட மாற்றிப் பார்த்தோம். கடைசியில் சேம்பர் உச்சியை ஆளை ஏற்றிப் பார்த்தபோது, தீயணைப்பு நாசில் ஒன்றைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் வட்டம், காய்ந்த பசை மாதிரி. நடுவில் மட்டும் மென்மையாக, விரல் பட்டால் அமுங்கியது. வருடாந்தரச் சோதனைக்குப் பிறகு அந்த வால்வு முழுதாக மூடவில்லை. மெஷின் நிற்கும்போது சில நிமிடத்துக்கு ஒரு சொட்டு. தீயை அணைக்க வைத்த பைப்பில் வருடக்கணக்காகத் தேங்கிக் கிடந்த தண்ணீர் அது. புத்தகத்தில் சோதனைத் தேதி தெளிவாக இருந்தது. முதல் கெட்ட லாட் அதற்கு 9 நாள் கழித்து. அன்று முதல் புத்தகத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.

இதே வகையில் பார்க்கவேண்டிய மற்ற இடங்கள்: ஃப்ளூயிட் பெட்டை டிரையரோடு இணைக்கும் துணி அல்லது ரப்பர் ஸ்லீவில் ஊசிக் கிழிசல்; குளிரூட்டும் காற்று வரும் வழியில் ஈரம் நீக்கும் காயிலிலிருந்து தெறிக்கும் சொட்டு; கிழிந்த பேக் ஃபில்டர்; மிக நுண்ணிய பவுடரான ஃபைன்ஸ் திரும்பி வரும் பைப்பின் வளைவு. குளிர்ந்த காற்றுப் பகுதி ரொம்ப முக்கியம். அங்கே பவுடரும் இருக்கிறது, குளிர்ந்த உலோகமும் இருக்கிறது, வெளியே அறைக் காற்றில் ஈரமும் இருக்கிறது. வியர்ப்பதற்கு வேறென்ன வேண்டும்?

அறிகுறி: பவுடர் நெகட்டிவ், ஆனால் தரை ஸ்வாபில் குரோனோபாக்டர்

இதைக் கண்டு சிலர் பயப்படுகிறார்கள், சிலர் ஸ்வாப் எடுப்பதையே குறைத்துவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். குரோனோபாக்டர் மண்ணிலும் தாவரத்திலும் தூசியிலும் இருப்பது. ஒரு வருடம் முழுக்க எங்கள் ஆலையில் ஒரு ஸ்வாப்கூட பாசிட்டிவ் வரவில்லை என்று யாராவது பெருமையாகச் சொன்னால், ஸ்வாபை எங்கே வைத்துத் தேய்க்கிறார்கள் என்று கேட்பேன். பளபளக்கும் மேஜை நடுவில் தேய்த்தால் எப்போதும் நெகட்டிவ்தான்.

பொதுவாக ஆலையை 4 மண்டலமாகப் பிரிப்பார்கள். பவுடர் தொடும் பரப்பு 1, அதை ஒட்டிய வெளிப்பரப்பு 2, அதே அறையின் தரை, சுவர், வடிகால் 3, அறைக்கு வெளியே நடைபாதை, லோடிங் 4. நான்கில் பாசிட்டிவ் வருவது செய்தி இல்லை. மூன்றில் வந்தால் விசாரணை. இரண்டில் வந்தால் இன்றைக்கே ஆள் போகவேண்டும். ஒன்றில் வந்தால் மெஷினை நிறுத்தி, பவுடரைப் பிடித்துவைக்கவேண்டும்; பவுடர் சாம்பிள் நெகட்டிவ் என்ற சாக்கு செல்லாது.

வந்த இடத்தைச் சுற்றி எல்லாத் திசையிலும், மேலும் கீழும், கூடுதல் ஸ்வாப் எடுங்கள். எந்தப் பக்கம் பாசிட்டிவ் கூடுகிறதோ அந்தப் பக்கம் நகருங்கள். அது உங்களை வழக்கமாக ஒரு ஓட்டைக்குக் கொண்டுபோய் விடும்: தரைக்கும் இரும்புத் தூணுக்கும் நடுவே விரிசல், குழாய்க் கால்களின் மூடாத முனை, உள்ளே வெற்றிடமான கன்வேயர் உருளை, பைப் சுவரைத் துளைத்துப் போகும் இடம், பவுடர் ஊறிய இன்சுலேஷன்.

வந்துபோகும் கிருமியா, குடியேறியதா என்பதுதான் அடுத்த கேள்வி. ஒரே இடத்தில் சில வார இடைவெளியில் மறுபடி மறுபடி வந்தால் குடியேறியது. வசதி இருந்தால் தனிமைப்படுத்திய கிருமிகளை மரபணு வரிசைக்கு அனுப்புங்கள். மூன்று மாதத்தில் கிடைத்த ஐந்தும் ஒரே வகை என்றால் உள்ளே வீடு கட்டிவிட்டது. ஐந்தும் வெவ்வேறு என்றால் வாசலில் ஓட்டை, அதாவது செருப்பு, ட்ராலிச் சக்கரம், மரப் பாலெட், வெளி அட்டை உரிக்காத மூலப்பொருள் மூட்டை.

சுத்தம் செய்வது உலர் முறையில்: ஹெப்பா ஃபில்டர் வைத்த வேக்குவம், பிரஷ், சுரண்டி. அழுத்தக் காற்றால் ஊதவே கூடாது. ஓரிடத்தில் இருந்த கிருமியை அறை முழுக்கத் தூவுவதற்கு அதைவிட வசதியான கருவி இல்லை. கடைசியில் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைப்பு. அதையும் துணியில் நனைத்துத் துடையுங்கள், பீய்ச்ச வேண்டாம். பவுடர் தூசியும் ஆல்கஹால் ஆவியும் சூடான மோட்டாரும் ஒரே அறையில் இருப்பதை மறந்துவிடாதீர்கள். தண்ணீர் இல்லாமல் முடியாது என்ற இடம் சில இருக்கும். அந்தப் பாகத்தைக் கழற்றி வெளியே எடுத்துக் கழுவுங்கள். கழற்ற முடியாவிட்டால் சுற்றிலும் பிளாஸ்டிக் கட்டி, குறைந்த நீரில் கழுவி, உடனே சூடான காற்றில் உலர்த்துங்கள். விரிசலைச் சுத்தம் செய்வதில் நேரம் விரயம் செய்யாதீர்கள். விரிசலை அடைத்துவிடுங்கள்.

2022-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஸ்டர்ஜிஸ் என்ற ஊரில் உள்ள அபட் நிறுவனத்தின் குழந்தைப் பால் பவுடர் ஆலை மூடப்பட்டதை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் ஆலையின் சூழலில் குரோனோபாக்டரைக் கண்டது. நோயுற்ற குழந்தைகளிடம் எடுத்த கிருமியோடு அது மரபணுவில் ஒத்துப்போனதாக நிறுவப்படவில்லை. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த உணவு மருந்து நிர்வாகத்தின் தலைவர் நாடாளுமன்றக் குழுவிடம் அடுக்கிய குறைகள்: ஒழுகும் கூரை, தரையில் தேங்கிய நீர், முக்கியக் கருவிகளில் விரிசல். இதில் எதையும் கண்டுபிடிக்க மைக்ராஸ்கோப் தேவையில்லை.

அறிகுறி: 60 சாம்பிளில் ஒன்றே ஒன்று சால்மோனெல்லா பாசிட்டிவ்

இங்கேதான் ஆலைகள் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்கின்றன. "இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணிப் பார்ப்போம்." மறு டெஸ்ட் நெகட்டிவ் வரும். லாட் வெளியே போகும்.

கணக்கைப் பாருங்கள். குழந்தைப் பால் பவுடருக்கு கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு 2008-ல் வகுத்த அளவுகோல்: சால்மோனெல்லாவுக்கு 25 கிராம் வீதம் 60 சாம்பிள், குரோனோபாக்டருக்கு 10 கிராம் வீதம் 30 சாம்பிள், ஒன்றில்கூட இருக்கக்கூடாது. அதாவது 1,500 கிராமும் 300 கிராமும். ஒரு லாட்டில் கிலோவுக்கு ஒரு கிருமி வீதம் சீராகப் பரவியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1,500 கிராமில் அது சிக்கும் வாய்ப்பு சுமார் 78 சதவீதம். 300 கிராமில் சுமார் 26 சதவீதம்தான். நான்கில் மூன்று தடவை கண்ணில் படாமல் போய்விடும். நிஜத்தில் கிருமி சீராகவும் பரவியிருக்காது. இவ்வளவு ஓட்டை வலையில் ஒன்று மாட்டியிருக்கிறது என்றால், மாட்டியதைத்தான் நம்பவேண்டும். இரண்டாவது நெகட்டிவ் முதல் பாசிட்டிவை அழிக்காது. லேபில் தவறு நடந்தது என்று சொல்ல வேண்டுமானால் அதற்குத் தனியாக ஆதாரம் வேண்டும்: அதே நாளில் அதே மேஜையில் லேப் ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் கிருமி வகை கையாளப்பட்டதா, மரபணுவில் அதுவும் இதுவும் ஒன்றா. அது இல்லாமல் "லேப் பிழை" என்று எழுதுவது ஆசை மட்டும்.

லாட்டை அழிப்பது முடிவு. மூலத்தைத் தேடுவது வேறு வேலை. சால்மோனெல்லா என்றால் நான் டிரையரின் உள்சுவரிலிருந்து தொடங்குவேன். 1985-ல் பிரிட்டனில் குழந்தைப் பால் பவுடரால் சால்மோனெல்லா ஈலிங் என்ற வகை பரவியபோது, மூலம் டிரையரின் உள் உறையில் இருந்த ஓட்டை. அதன் வழியாகப் பவுடர் வெளியே இன்சுலேஷனுக்குள் போய், அங்கே கிருமி ஏறி, திரும்ப உள்ளே வந்துகொண்டிருந்தது. உள்ளே எத்தனை முறை கழுவினாலும் கழுவும் தண்ணீர் அதே ஓட்டை வழியாக இன்சுலேஷனை நனைக்கும். சுத்தம் செய்யச் செய்ய நிலைமை மோசமாகும் அறிகுறி இருந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். வெல்டிங் தையல்கள், சுத்தியல் அடிவாங்கிய இடங்கள், மேன்ஹோல் ஓரம் எல்லாவற்றிலும் டை பெனட்ரன்ட், அதாவது விரிசலைக் காட்டிக்கொடுக்கும் சாயம், அடித்துப் பாருங்கள். சந்தேகம் வந்த இடத்தில் வெளித்தகட்டைத் திறந்து இன்சுலேஷனைக் கையால் எடுத்துப் பாருங்கள். உலர்ந்த பஞ்சு மாதிரி இருக்கவேண்டியது கட்டி கட்டியாக, புளித்த வாசத்தோடு வந்தால் பதில் கிடைத்துவிட்டது.

பொறுமைக்கு அளவே இல்லாத கிருமி இது. பிரான்சில் கிரான் என்ற ஊரில் உள்ள லாக்டாலிஸ் ஆலையின் பவுடரால் 2017-ல் குழந்தைகளுக்கு சால்மோனெல்லா அகோனா தொற்று வந்தது; 80-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து டப்பாக்களைத் திரும்பப் பெறவேண்டியிருந்தது. பாஸ்டர் ஆய்வு நிறுவனம் மரபணுவை ஒப்பிட்டபோது, அதே ஆலை வேறு உரிமையாளரிடம் இருந்த 2005-ல் நடந்த தொற்றின் வகையோடு அது பொருந்தியது. நடுவில் 12 வருடம். கைமாறிய கட்டடத்தோடு கிருமியும் கைமாறியது. பழைய ஆலையை வாங்கியவர்கள், பழைய தரையைப் பெயர்த்துப் புதுப்பிக்கப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே கணக்கில் வைக்கவேண்டும். கட்டுமான வேலை நடக்கும் வாரங்களில் ஸ்வாப் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கச் சொல்வது அதனால்தான்.

அறிகுறி: மொத்தக் கிருமி எண்ணிக்கையும் ஸ்போரும் (சூட்டைத் தாங்கும் கிருமி விதை) ஓட்டத்தின் கடைசியில் ஏறுகின்றன

இது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த ஆபத்து இல்லை, நீங்களே வளர்த்தது. ஜியோபாசில்லஸ், அனாக்சிபாசில்லஸ் போன்ற சூடுவிரும்பிகள் 45 முதல் 65 டிகிரிவரை உள்ள உலோகப் பரப்பில் படலம் கட்டும். எவாப்பரேட்டரும் பிரீஹீட்டரின் வெப்ப மீட்புப் பகுதியும் அவற்றுக்கென்றே கட்டியது போல இருக்கும். பன்னிரண்டு மணி நேரம்வரை ஒன்றும் தெரியாது. 15, 20 மணி நேரத்தில் எண்ணிக்கை எகிறும்.

2 மணி நேரத்துக்கு ஒருமுறை பிரீஹீட்டர் வெளிவாய், எவாப்பரேட்டர் வெளிவாய், பவுடர் என்று மூன்று இடத்தில் சாம்பிள் எடுத்து வரைபடம் போடுங்கள். எங்கே தாவுகிறதோ அங்கே படலம். ஓட்ட நேரத்தைக் குறைப்பது உடனடி மருந்து. சிஐபி, அதாவது கருவியைக் கழற்றாமலே உள்ளே கழுவும் முறை, சரியாகப் போகிறதா என்று பார்ப்பது நிரந்தர மருந்து: காஸ்டிக் 1 முதல் 2 சதவீதம், 70 முதல் 80 டிகிரி, பைப்பில் விநாடிக்கு 1.5 மீட்டராவது ஓட்டம். திரையில் காட்டும் எண்ணை நம்பாமல் திரும்பி வரும் வாயில் அளந்து பாருங்கள். கழுவும் நீரைப் பீய்ச்சும் துளைப் பந்தில் இரண்டு ஓட்டை அடைத்திருந்தால்கூட அதற்கு நேரான கோட்டில் பால்கல் படிந்து நிற்கும்.

சூடுவிரும்பிகள் நோய் தராதவை என்று விட்டுவிட வேண்டாம். அதே இடுக்கில், இன்னும் கொஞ்சம் குறைந்த சூட்டில், உணவை நஞ்சாக்கும் பேசில்லஸ் சீரியஸ் உட்காரும். அதன் ஸ்போர் பாஸ்டரைசேஷனைத் தாண்டிவிடும்.

அறிகுறி: பாஸ்பட்டேஸ் சோதனை பாசிட்டிவ்

பாஸ்பட்டேஸ் பச்சைப்பாலில் உள்ள என்சைம்; பாஸ்டரைசேஷனில் அழிந்துவிடும். அது தெரிந்தால் பச்சைப்பால் கலந்திருக்கிறது. பாஸ்டரைசரின் பிளேட்டில் ஊசி ஓட்டை, அல்லது சூடு போதாத பாலைத் திருப்பி அனுப்பும் டைவர்ஷன் வால்வு முழுதாக மூடவில்லை. சூடான பாலின் பக்கம் அழுத்தம் எப்போதும் பச்சைப்பால் பக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும். ஓட்டை விழுந்தாலும் கசிவு சரியான திசையில் போகும். பிரஷர் பதிவைப் பாருங்கள், பிளேட்டைச் சோதியுங்கள். நேரடியான வேலை.

அறிகுறி: எல்லா சோதனையும் பாஸ், ஆனால் குடித்தவர்களுக்கு வாந்தி

கிருமி செத்துவிட்டது, விஷம் இருக்கிறது. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் விடும் நச்சும், பேசில்லஸ் சீரியஸின் செரியுலைடும் பாலைக் காய்ச்சினால் போகாதவை. செரியுலைடு 121 டிகிரியையும் தாங்கும்.

இதற்கு 2000-ம் ஆண்டு ஜப்பானைவிடத் தெளிவான பாடம் கிடையாது. மார்ச் 31 அன்று ஹொக்கைடோவில் ஸ்னோ பிராண்ட் நிறுவனத்தின் தைகி ஆலையில் சுமார் 3 மணி நேரம் மின்சாரம் இல்லை. பால் வெதுவெதுப்பில் நின்றது, ஸ்டெஃபிலோகாக்கஸ் பெருகி நச்சை விட்டது. மின்சாரம் வந்ததும் அதைச் சூடுபடுத்தி உலர்த்தினார்கள். எண்ணிக்கை அளவு மீறிய பவுடரையும் கரைத்து அடுத்த உற்பத்தியில் சேர்த்தார்கள். சூட்டில் கிருமி செத்தது; எண்ணிக்கைச் சோதனை தேறியது. ஜூனில் அந்தப் பவுடர் ஒசாகா ஆலையில் கொழுப்பு குறைந்த பாலில் கலந்தபோது 13,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள்.

ஆகவே மின்தடைப் பதிவைத் தரப் பதிவோடு சேர்த்து வைக்கவேண்டும். பால் அல்லது கான்சென்ட்ரேட் எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் நின்றது என்று எழுதாத ஷிஃப்டின் பவுடரை விடாதீர்கள். சந்தேகம் இருந்தால் நச்சை நேரடியாகச் சோதிக்க எலைசா கிட் உண்டு. தெர்மோநியூக்ளியேஸ் சோதனையும் உதவும்; கிருமி செத்தபிறகும் அந்த என்சைம் மிஞ்சி நின்று முன்பு நடந்ததைக் காட்டிக்கொடுக்கும்.

அறிகுறி: சல்ஃபைட் ஒடுக்கும் கிளாஸ்டிரிடியா (ஸ்போர் விடும் ஒரு கிருமி வகை) ஒரு சில லாட்டில் மட்டும்

பவுடரைக் கரைத்து மறுபடி பதப்படுத்தினார்களா என்று பாருங்கள். நியூசிலாந்தில் ஃபொன்டெர்ராவின் ஹவுடாபு ஆலையில் 2012-ல் ஒரு டார்ச்சின் கண்ணாடி உடைந்தது; புரதப் பவுடரை மறுபடி பதப்படுத்தும்போது வழக்கமாகப் பயன்படாத பைப்புகளும் ஹோஸும் இணைக்கப்பட்டன, அவை சரியாகச் சுத்தமாகவில்லை. 2013 ஆகஸ்டில், கொடிய நச்சு விடும் கிளாஸ்டிரிடியம் போட்டுலினம் என்ற அச்சம் உலகம் முழுக்கப் பரவி, மாதக் கடைசியில் அது நச்சு விடாத கிளாஸ்டிரிடியம் ஸ்போரோஜெனஸ் என்று தெரிந்தது. எச்சரிக்கை பொய்யானது, அழுக்குப் பைப் உண்மை. தற்காலிக ஹோஸ் எங்கே தொங்குகிறது, கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். யாருக்கும் தெரியாது.

அறிகுறி: டிரையரிலிருந்து வந்த பேஸ் பவுடர் சுத்தம், கலவையில் மட்டும் பாசிட்டிவ்

உலர்கலவையில் சேரும் எதற்கும் பின்னால் கொல்லும் படி கிடையாது. லெசித்தின், ஸ்டார்ச், வைட்டமின் கலவை, லாக்டோஸ் ஒவ்வொன்றையும் பேஸ் பவுடருக்கு உள்ள அதே அளவுகோலில் வாங்குங்கள். சப்ளையர் சான்றிதழை மட்டும் வைத்து விடாதீர்கள்.

மறுபடி தொடங்கும்போது

மூலத்தை அடைத்தாகிவிட்டது என்ற எண்ணம் வந்ததும் கை துருதுருக்கும். உலர்ந்த சுத்தம், முழு ஸ்வாப் சுற்று, ரிசல்ட் கையில் வந்த பிறகே ஸ்டார்ட். முதல் சில லாட்டுகளுக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் சாம்பிள். நான் மூட்டைச் சாம்பிளைவிட அதிகம் நம்புவது இரண்டை: சல்லடையில் தங்கும் கட்டிகளும், டிரையர் அறை வேக்குவத்தின் பையில் சேர்ந்த தூசியும். டன் கணக்கில் ஓடிய பவுடரில் ஈரம் பட்டது எதுவோ அது கட்டியாகிச் சல்லடையில் நிற்கும். அறையின் எல்லா மூலையும் வேக்குவம் பையில் வந்து சேரும். கெட்டதைத் தேடுகிறோம் என்றால் கெட்டது ஒதுங்கும் இடத்தில்தானே பார்க்கவேண்டும்.

குழந்தைப் பவுடர் என்றால் பையில் அச்சடிக்கும் வழிமுறையையும் அப்போதே சரிபாருங்கள். உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண் அமைப்பும் 2007-ல் தந்த வழிகாட்டுதல் 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கரைக்கச் சொல்கிறது. பவுடர் கிருமியற்ற பொருள் இல்லை என்பதால்தான் அப்படி ஒரு வரி. வெதுவெதுப்பான நீர் என்று பொத்தாம்பொதுவாக அச்சடித்த பைகள் இன்னும் ஸ்டோரில் இருந்தால், அவற்றையும் நிறுத்தத்தில் போடுங்கள்.

சல்லடைக் கட்டிகளை நான் மூன்று ஷிஃப்டுக்குத் தனித்தனிப் பையில், நேரம் எழுதி எடுத்துவைப்பேன். மூன்றும் நெகட்டிவ் வரும்வரை லோடிங் கதவின் சாவி என் மேஜையில்தான் இருக்கும். டெஸ்பாட்ச் ஆட்கள் அந்த நாட்களில் என்னிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.